டிக்பாயின் ஒரு நாள்

அசாமின் கிழக்கு மூலையில், தின்சுகியா சந்திப்பிலிருந்து லேடோ வரை செல்லும் ரயில் பாதை, மலையடிவாரத்து நிலக்கரியையும் தேயிலையையும் பிரம்மபுத்திராவின் படகுத் துறைக்குக் கொண்டுசேர்ப்பதற்காக 1880களில் போடப்பட்டது. எண்ணெய் அதன் திட்டத்தில் இருக்கவில்லை. இருந்தும், இப்பாதை வழியே டிக்பாய் வரை சென்று, அங்கிருந்து சாலை மார்க்கமாக மேற்கே திரும்பி, துலியாஜான், சிவசாகர், நுமாலிகர், குவாஹாட்டி, போங்காய்காவ் எனப் பள்ளத்தாக்கின் நீளத்தை ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் அளந்துவருகிறவருக்கு, இந்தியாவின் எண்ணெய் வரலாறு கண்முன் விரிகிறது. பயணக் கையேடுகள் இவ்வழியைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் காண்டாமிருகங்களுக்கும் உரியதாகவே காட்டுகின்றன. தோட்டத்து வேலிகளுக்கு அப்பால் கிணறுகளும் சேகரிப்பு நிலையங்களும் இருப்பதும், மண்ணுக்கடியில் ஒரு நீண்ட குழாய் கிடப்பதும், அக்குழாயில் எண்ணெய் எத்திசையில் ஓடுகிறது என்பதே நாட்டின் நிலைமையைச் சொல்லிவிடுவதும் அவற்றில் இடம்பெறுவதில்லை.

தின்சுகியாவை அடுத்த மாக்கும், இன்று பாதைகள் பிரியும் ஒரு சிறு சந்திப்பு மட்டுமே. இப்பகுதி ஓடைகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பிரிட்டிஷ் படை அதிகாரிகள் 1820களிலேயே குறித்துவைத்தனர். எண்ணெய்க் கசிவு எனப்படும் இது, ஆழத்துப் பாறைகளில் உருவான எண்ணெய் வெடிப்புகளின் வழியே மேலேறித் தரையில் வெளிப்படுவதாகும்; எங்கே துளையிடுவது என்று சொல்லக் கருவிகள் ஏதுமற்ற அக்காலத்தில் அதைவிட நம்பத்தக்க அடையாளம் வேறில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தம் புகழ்பெற்ற கிணற்றைத் தோண்டிய 1859க்கு எட்டே ஆண்டுகள் கழித்து, 1867 மார்ச்சில், கல்கத்தாவின் மெக்கிலப் ஸ்டூவர்ட் நிறுவனத்தார் மாக்கும் அருகே 118 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டனர். ஆனால் காட்டுக்குள் கிடைத்த எண்ணெயை வெளியே கொண்டுசெல்லப் பாதை இல்லாத நிலையில் அம்முயற்சி நிலைக்கவில்லை. எண்ணெய் இருப்பதும் எண்ணெய் கிடைப்பதும் வேறு வேறு என்பதை இந்நாட்டுக்கு முதலில் உணர்த்திய ஊர் என்று மாக்கும் சந்திப்பைச் சொல்லலாம். அங்கு அதற்கென நின்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

டிக்பாய்க்கு வருகிறவர்கள் அனைவரும் கேட்டுத் திரும்புகிற கதை ஒன்று உண்டு. பாதை போடும் வேலையில் மரம் இழுத்துவந்த யானைகளின் கால்களில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்ததாகவும், அத்தடத்தைப் பின்பற்றிச் சென்ற ஆங்கிலேயப் பொறியாளர் தொழிலாளியைப் பார்த்து ‘தோண்டு, பையா’ என்று தம் மொழியில் கூவியதே ‘டிக்பாய்’ என ஊர்ப்பெயர் ஆகிவிட்டதாகவும் அக்கதை சொல்கிறது. பெயர் விளக்கம் நம்பத் தகுந்ததாக இல்லை. திஹிங், திப்ரு, திசாங் என இப்பகுதியின் ஆறுகள் பலவும் ‘தி’ என்றே தொடங்குவதும், அவ்வசை போடோ இன மொழிகளில் நீரைக் குறிப்பதும், ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் வருமுன்னரே இருந்திருக்கக்கூடும் என்று எண்ண வைக்கின்றன. ஆயினும் கதைக்கு ஊரில் உள்ள மதிப்பு குறையவில்லை. 1889 செப்டம்பரில் துளையிடத் தொடங்கப்பட்ட முதல் கிணறு, பதினான்கு மாதம் கழித்து 1890 நவம்பரில் 662 அடி ஆழத்தில் நிறைவுற்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கேலன் எண்ணெய் தந்தது. இன்று ஒரு டேங்கர் லாரியின் வயிற்றில் மூலையில் கிடக்கும் அளவுதான் அது. 1899இல் அசாம் ஆயில் கம்பெனி அமைந்தது. 1901 டிசம்பரில் சுத்திகரிப்பு ஆலை, அதாவது நிலத்திலிருந்து வரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், மெழுகு என அதன் கூறுகளைப் பிரித்தெடுக்கும் ஆலை, இயங்கத் தொடங்கியது. அந்த ஆலை அதே இடத்தில் இன்றும் இயங்குகிறது. முதல் கிணறு இருந்த இடம் அருங்காட்சியகமாகியிருக்கிறது. சுற்றிலும் உள்ள குன்றுகளில் தூண்களின் மீது நிற்கும் ‘சாங்’ பங்களாக்களும், புல் பரந்த கோல்ஃப் மைதானமும், அதற்கு அப்பால் திஹிங்–பட்காய் மழைக்காடும் ஊரை ஒரு பழைய ஓவியம்போல் ஆக்கிவிடுகின்றன. காற்றில் மட்டும் கெரசின் வாடை நீங்குவதில்லை.

இந்த ஆலையின் கொள்திறன் ஆண்டுக்கு 6.5 லட்சம் டன். 2024–25ஆம் ஆண்டில் இந்தியா செலவிட்ட பெட்ரோலியப் பொருள்களின் அளவு ஏறத்தாழ 23.9 கோடி டன். அதை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 6.5 லட்சம் டன்னுக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே நாட்டின் எண்ணெய்த் தொழில் பிறந்த இடத்திலுள்ள ஆலை, சனவரி முதல் டிசம்பர் வரை இரவு பகலாகக் காய்ச்சினாலும், நாடு ஒரே நாளில் எரித்துவிடும் அளவையே தர முடியும். டிக்பாயின் ஓர் ஆண்டு இந்தியாவின் ஒரு நாள். இக்கணக்கை இன்னும் ஒரு படி நீட்டி, அசாமின் எல்லா வயல்களையும் சேர்த்துக்கொண்டால், மாநிலம் ஆண்டுதோறும் தரும் சுமார் 45 லட்சம் டன் கச்சா எண்ணெய் ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். மேற்கே செல்லும் பயணம் முழுவதும் இந்த ஒரு நாளும் ஒரு வாரமும் அளவுகோலாக உடன்வரத் தகுந்தவை.

டிக்பாய் வயல் ஏன் இளைத்தது என்பதற்கு விடை, எண்ணெய் நிலத்துக்கடியில் எப்படிக் கிடக்கிறது என்பதில் உள்ளது. குளம்போலவோ குகைபோலவோ ஒரு பள்ளத்தில் எண்ணெய் தேங்கியிருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது திப்பம் மணற்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளில், ஈரமான செங்கல்லில் நீர் ஊறியிருப்பதைப்போல் ஊறிக் கிடக்கிறது. துளையிட்டவுடன், அதுவரை அழுத்தப்பட்டிருந்த வாயுவும் நீரும் எண்ணெயை மேலே தள்ளுகின்றன. எடுக்க எடுக்க அழுத்தம் குறைகிறது. பிறகு தலையாட்டும் பம்புகள் வேண்டும், அதன்பின் பாறைக்குள் நீரைச் செலுத்தி எண்ணெயை ஓரம் தள்ள வேண்டும், கடைசியில் மேலே வருவதில் நீரே மிகுதி, எண்ணெய் துளியளவு என்றாகிவிடும். எவ்வளவு முயன்றாலும் பல வயல்களில் கிடப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க முடிவதில்லை. டிக்பாயில் ஆயிரம் கிணறுகளின் அளவுக்குத் துளையிட்டாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது உச்சத்துக்குச் சென்ற உற்பத்தி அதன்பின் இறங்கியதே தவிர ஏறவில்லை. வயல் தீர்ந்துவிட்டது என்று சொல்வது சரியன்று, ஏனெனில் எண்ணெய் வயல்கள் ஒருநாளும் முழுவதும் தீர்வதில்லை. முதல் பீப்பாய்க்கு ஆன உழைப்பைவிடப் பத்தாவது பீப்பாய்க்கும், அதைவிட நூறாவது பீப்பாய்க்கும் கூடுதல் உழைப்பு வேண்டியதாகி, ஒரு கட்டத்தில் எடுப்பவர் கையை விட்டுவிடுகிறார். உள்நாட்டு எண்ணெயின் எல்லை என்பது ஒரு சுவரன்று, மெல்ல மெல்லச் செங்குத்தாகும் ஏற்றம்.

அந்தப் போர்க்காலத்திலேயே நிகழ்ந்த ஒன்றைப் பள்ளத்தாக்கு பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. லேடோவில் தொடங்கிப் பர்மா வழியாகச் சீனா செல்லும் ஸ்டில்வெல் சாலையின் பெயர்ப்பலகை முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகள் பலர். அச்சாலையோடு சேர்ந்து எரிபொருள் குழாய்களும் போடப்பட்டன என்பது அவர்களில் சிலருக்கே தெரியும். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜ் துறையில் கப்பலிலிருந்து இறங்கிய எரிபொருளை அமெரிக்கப் படையினர் ஆறு அங்குலக் குழாய் வழியே தின்சுகியாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மலைகளைத் தாண்டி அனுப்பினர். டிக்பாய் தன் வாழ்நாளில் மிக அதிகமாக எண்ணெய் தந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் வாசலுக்கே வெளிநாட்டு எண்ணெய் வந்தது. தேவை பெருகும்போது ஊற்று எத்தனை தாராளமாகச் சுரந்தாலும் போதாது என்பதற்கு 1944இலேயே சான்று கிடைத்திருக்கிறது.

டிக்பாயிலிருந்து துலியாஜானுக்குச் செல்லும் சாலை தேயிலைத் தோட்டங்களின் நடுவே போகிறது. சமமாகக் கத்தரிக்கப்பட்ட செடிகளுக்கு மேல் நிழல் மரங்கள், அவற்றுக்கிடையே திடீரென ஒரு கம்பிவேலி, உள்ளே கிளைவிட்ட இரும்பு மரம்போல் நிற்கும் கிணற்றுத் தலை வால்வுகள் என்று காட்சி மாறிமாறி வருகிறது. சாலை முக்குகளில் ‘ஓ.சி.எஸ்.’ என்னும் மூன்றெழுத்துப் பலகைகள், பக்கத்துக் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெயையும் வாயுவையும் நீரையும் பிரிக்கும் சேகரிப்பு நிலையங்களுக்கு வழி காட்டுகின்றன. இருட்டிய பிறகு, பயன்படுத்த வழியில்லாத வாயுவை எரித்துவிடும் சுவாலைகள் தோட்டங்களின் விளிம்பில் செந்நிறமாகத் தெரியும். வீணாவதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

1953இல் நாகர்கட்டியாவிலும் 1956இல் மோரானிலும் எண்ணெய் கண்டபின், விடுதலை பெற்ற நாடு தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் என்ற நம்பிக்கை இச்சாலையோரம்தான் முளைத்தது. 1959இல் ஆயில் இந்தியா உருவாயிற்று. 1962 சனவரி முதல் நாள் குவாஹாட்டியின் நூன்மாட்டியில் ருமேனிய உதவியுடன் அமைந்த ஆலையை நேரு திறந்துவைத்தார். 1964இல் பீகாரின் பரௌனியில் சோவியத் உதவியுடன் மற்றொன்று எழுந்தது. வயல்களிலிருந்து இவ்விரண்டுக்கும் 1,157 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு குழாய், ஆறுகளையும் சதுப்புகளையும் கடந்து போடப்பட்டது. அசாமின் எண்ணெயில் மெழுகுத்தன்மை மிகுதி. குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதைப்போல் அது குழாய்க்குள் உறைந்துவிடக்கூடும் என்பதால், துலியாஜானில் அதைச் சூடாக்கிப் பின் ஒரு முறைப்படி மெல்லக் குளிரவைத்து, மெழுகின் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதபடி பக்குவம் செய்தே அனுப்பினர். ஒரு நாடு தன் சொந்த எண்ணெய்க்காக எடுத்துக்கொண்ட அக்கறையின் நேர்த்தியான எடுத்துக்காட்டு அந்தப் பக்குவமுறை.

செங்குத்தாகும் ஏற்றத்தின் மறுமுகம் துலியாஜானுக்கு வடகிழக்கே, பாக்ஜானில் இருக்கிறது. 2020 மே 27 அன்று அங்கு ஒரு வாயுக் கிணற்றின் அழுத்தம் கட்டுக்கடங்காமல் வெடித்துக் கிளம்பியது. துளையிடும் துறையில் இதனை ‘புளோஅவுட்’ என்பர். சூன் 9 அன்று அது தீப்பற்றியது, அன்றே தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர், ஐந்து மாதங்களுக்கும் மேலாக எரிந்த தீ நவம்பர் 15 அன்றுதான் அணைந்தது. ஒரு பக்கம் திப்ரு–சைகோவா தேசியப் பூங்கா, மறுபக்கம் மீனும் வலசைப் பறவைகளும் நிறைந்த மாகுரி–மோட்டாபுங் ஈரநிலம். எளிதில் எட்டக்கூடிய இடங்களில் இருந்ததை எடுத்து முடித்தபின், எஞ்சிய இடங்கள் பெரும்பாலும் இவ்வாறு வேறு எதற்கேனும் முன்பே உரியனவாகவே இருக்கின்றன. புதிய கிணறுகளைக் கொண்டு பற்றாக்குறையைத் தீர்த்துவிடலாம் என்று பேசுகிறவர்கள் இந்தச் செலவையும் எழுதிக் கணக்கிடுவது முறையாகும்.

சிவசாகரில் அகோம் மன்னர்களின் ஏரிகளையும் கோயில்களையும் பார்த்துத் திரும்பும் வழியில் ருத்ரசாகர், லாக்வா, கெலேகி வயல்கள் வருகின்றன. இவை 1960களில் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் கண்டவை. இவ்வயல்களைவிட இங்கே குறிப்பிடத்தக்கது ஒரு முழக்கம். எண்ணெய் எங்கள் மண்ணில், ஆலை பீகாரிலா என்ற மனத்தாங்கல் 1950களிலேயே தொடங்கிவிட்டது. நூன்மாட்டி ஆலையே அதிலிருந்து எழுந்த போராட்டத்தின் விளைவு. 1979இல் மூண்ட அசாம் இயக்கம், இரத்தம் தருவோம், எண்ணெய் தர மாட்டோம் என்று அறிவித்து, பரௌனிக்குச் செல்லும் கச்சா எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் குழாய் ஓய்ந்துகிடந்தது. உள்நாட்டு எண்ணெய் என்றால் யாரும் தடுக்க முடியாத எண்ணெய் என்று பொருளன்று. பாரசீக வளைகுடாவில் போர் மூண்டால் மட்டுமல்ல, சிவசாகர் சாலையில் மக்கள் உட்கார்ந்தாலும் அது நின்றுபோகும். அவர்கள் உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது என்பதும் மறுக்க முடியாதது.

இவ்விடத்தில் பள்ளத்தாக்கை விட்டுச் சற்று வெளியே பார்க்க வேண்டியுள்ளது. 1974இல் மும்பைக் கடலில் ‘மும்பை ஹை’ கண்டுபிடிக்கப்பட்டபின் நாட்டின் உற்பத்தி விரைந்து ஏறியது. 1984–85இல் அது ஏறத்தாழ 2.9 கோடி டன். நுகர்வோ 4 கோடி டன்னைத் தொடவில்லை. தேவையில் பெரும்பகுதி வீட்டிலேயே விளைந்த காலம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024–25இல், உள்நாட்டு உற்பத்தி மீண்டும் அதே 2.9 கோடி டன் அளவில், சரியாகச் சொன்னால் அதற்கும் சற்றுக் கீழே நிற்கிறது. இடையில் இராசத்தானின் பார்மர் பாலைவனத்தில் 2004இல் மங்களா வயல் கிடைத்தது. அதன் துணையால் 2011–12இல் உற்பத்தி 3.8 கோடி டன்னுக்கு ஏறி, பிறகு படிப்படியாக இறங்கிவந்தது. ஒரு பெரிய வயல் கிடைப்பதற்குள் பழைய வயல்கள் அதன் விளைச்சலைத் தின்றுவிடுகின்றன. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதைப்போல், ஊற்றுகிற அளவில் பெரும்பகுதி மட்டம் இறங்காமல் காப்பதற்கே சரியாகிறது. அதே நாற்பது ஆண்டுகளில் நுகர்வோ ஆறு மடங்காகிவிட்டது. இன்று நாடு செலவிடுவதில் 88 விழுக்காட்டுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. கச்சா எண்ணெய் வாங்குவதற்கு மட்டும் 2024–25இல் ஏறத்தாழ 13,700 கோடி டாலர் வெளியே சென்றது.

இந்த எண்களைச் சுமந்துகொண்டு நுமாலிகர் சேரும்போது, அங்குள்ள ஆலையின் விரிவாக்கம் வேறு பொருள் தருகிறது. 1985இன் அசாம் உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்டு, 1999இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இவ்வாலை, அசாமின் எண்ணெய் அசாமிலேயே சுத்திகரிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையின் கனி. 30 லட்சம் டன்னாக இருந்த அதன் கொள்திறன் 90 லட்சம் டன்னாக உயர்த்தப்படுகிறது. கூடுதலாக வேண்டிய கச்சா எண்ணெய் அசாமில் இல்லாததால், ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்திலிருந்து 1,600 கிலோமீட்டருக்கும் மேலான குழாய் ஒன்று அதற்காகவே போடப்படுகிறது. இரத்தம் தந்தாலும் எண்ணெய் தருவதில்லை என்று மறித்த மண்ணுக்கு இனிக் கடல் கடந்த எண்ணெய் வரும். ஆலையை அடுத்து, மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் நிலையம் 2025இல் திறக்கப்பட்டிருக்கிறது. பெட்ரோலுடன் கலக்கக்கூடிய இச்சாராயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 டன் கிடைக்கும் என்பது திட்டம். மலைவாழ் மக்களின் மூங்கிலுக்கு விலை கிடைப்பது நல்லதே. ஆனால் நாட்டின் கணக்கில் அது இரண்டு மணி நேர எரிபொருளுக்கும் குறைவு.

இதே கதையின் மற்றொரு படியைக் காவிரிப் படுகையில் காணலாம். நரிமணம் வட்டாரத்தில் கிடைத்த எண்ணெயை நம்பி, நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993இல் ஒரு சிறிய ஆலை எழுந்தது. பின்னர் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னாக விரிந்த அந்த ஆலை அகற்றப்பட்டு, அவ்விடத்தில் 90 லட்சம் டன் ஆலை திட்டமிடப்பட்டிருக்கிறது. நுமாலிகரிலும் அதே தொண்ணூறு லட்சம். இரண்டு இடத்திலும் உள்ளூர் எண்ணெய்க்காகப் பிறந்த ஆலை வெளியூர் எண்ணெயை நம்பி வளர்கிறது. டெல்டாவின் வயல்கள் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டபின், அங்கே புதிய கிணறுகள் வருவதற்கான வாய்ப்பும் சுருங்கிவிட்டது. நெல்லா எண்ணெயா என்ற கேள்விக்குத் தஞ்சை மண் தந்த விடையைத் தவறென்று சொல்ல இக்கணக்குகளில் எதுவும் இல்லை.

நுமாலிகரைத் தாண்டியதும் தேசிய நெடுஞ்சாலை காசிரங்காவின் தெற்கு விளிம்பை ஒட்டிச் செல்கிறது. வெள்ளக் காலத்தில் மானும் யானையும் காண்டாமிருகமும் சாலையைக் கடந்து கார்பி குன்றுகளுக்கு ஏறுவதால், இங்கே வண்டிகளின் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. தேயிலையும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாக மெல்லச் செல்கின்றன. விலங்குகளுக்காக வந்த இக்கட்டுப்பாட்டுக்கு, யாரும் கேட்காத ஒரு பயன் கூட உண்டு. ஓடும் வண்டி இரண்டு எதிர்ப்புகளை வெல்ல எரிபொருள் செலவிடுகிறது: ஒன்று டயர் சாலையில் நசுங்கி உருள்வதால் வரும் உருளல் தடை, மற்றொன்று காற்றைப் பிளந்து செல்வதால் வரும் காற்றுத் தடை. முதலாவது வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. இரண்டாவதோ வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே எண்பதில் செல்வதை அறுபதாகக் குறைப்பதும், டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், லாரியின் தலைக்கு மேல் காற்றை வழுக்கிவிடும் ஒரு வளைந்த தகட்டைப் பொருத்துவதும், நின்றிருக்கும்போது இஞ்சினை அணைப்பதும் டிக்பாயில் துளையிடுவதைவிட மலிவான எண்ணெய். 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைந்த நாளிலிருந்து இவை சொல்லப்பட்டே வருகின்றன. பெட்ரோல் பங்குச் சுவர்களில் எழுதியும் இருக்கின்றன. சுவரில் எழுதியது சட்டமானால்தான் சாலைக்கு இறங்குகிறது என்பது இத்துறையின் அனுபவம்.

அச்சட்டத்தின் நிலை கலவையானது. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ், ஒவ்வொரு கார் நிறுவனமும் ஓராண்டில் விற்கும் வண்டிகளின் சராசரி எரிபொருள் செலவு ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 முதல் நடப்பில் உள்ளது. நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5.5 லிட்டர் என்றிருந்த வரம்பு 2022இல் 4.8 லிட்டர் அளவுக்கு இறுக்கப்பட்டது. இதில் ஒரு நெளிவு இருக்கிறது: வரம்பு வண்டியின் எடையைப் பொறுத்தது என்பதால், கனமான வண்டிகளை விற்கும் நிறுவனத்துக்கு வரம்பும் தளர்கிறது. இன்று விற்பனையாகும் பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் உயரமும் எடையும் மிகுந்த எஸ்.யூ.வி. வகையினவாக இருக்கையில், இஞ்சினில் பெற்ற திறன் உடம்பின் பருமனில் கரைந்துபோகிறது. லாரிகளின் நிலை இன்னும் பின்தங்கியது. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட விதி, 40, 60 கிலோமீட்டர் என்ற நிலையான வேகங்களில் ஓட்டிப் பார்ப்பதை அடிப்படையாகக் கொண்டது. மலையேறி, சந்தை நெரிசலில் ஊர்ந்து, சோதனைச் சாவடியில் காத்து நிற்கும் உண்மையான ஓட்டத்துக்கும் அதற்கும் தொலைவு அதிகம்.

லாரிகளை இங்கு வலியுறுத்துவதற்குக் காரணம், வண்டியின் சிக்கனத்தைத் தமிழ்நாட்டிலும் அசாமிலும் ஒன்றுபோலவே ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது’ என்று அளப்பதில் உள்ள ஒரு மயக்கம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கை 70 தருவதாக மாற்றினால் அது பெரிய சாதனையாகத் தோன்றும். நூறு கிலோமீட்டருக்கு மிச்சமாவதோ அரை லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரியை 5 தருவதாக மாற்றினால், அதே நூறு கிலோமீட்டரில் 25 லிட்டர் 20 ஆகி, ஐந்து லிட்டர் மிஞ்சுகிறது. நாட்டின் பெட்ரோலியச் செலவில் ஏறத்தாழ 9 கோடி டன் டீசலாகவே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிக்கனத்தின் பெரிய வயல் எங்கே இருக்கிறது என்பதில் ஐயமில்லை. நாட்டின் மொத்தச் செலவில் நூற்றுக்கு இரண்டு குறைந்தால் 48 லட்சம் டன் மிஞ்சும். அசாமின் எல்லாக் கிணறுகளும் ஓராண்டில் தருவதைவிட அது கூடுதல்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிடக்கூடாது. நீராவி இஞ்சின்கள் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதை 1865இலேயே ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்தால் மக்கள் கூடுதல் கிலோமீட்டர் ஓட்டுவார்கள் என்பது அவ்வாதத்தின் இன்றைய வடிவம். அதில் உண்மை உண்டு. ஆனால் மூன்றிலொரு பங்கு மலிவானதற்காக யாரும் அலுவலகத்துக்கு இருமுறை போய்வருவதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி கரையும், முழுவதும் கரையாது. மேலும் இன்னும் வண்டியே வாங்காத கோடிக்கணக்கான குடும்பங்கள் உள்ள நாட்டில், ஓட்டம் எப்படியும் பெருகத்தான் போகிறது. பெருகும் ஓட்டத்தை எவ்வளவு எண்ணெயில் நடத்துவது என்பதே எஞ்சியுள்ள கேள்வி. கிணற்றுக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் தெளிகிறது: தோண்டிய மறுநாளிலிருந்து கிணறு குறையத் தொடங்குகிறது, சிக்கனமான இஞ்சினோ வண்டி ஓடும் காலமெல்லாம் அதே அளவை மிச்சப்படுத்திக்கொண்டிருக்கிறது.

நாகாவ் கடந்து குவாஹாட்டிக்குள் நுழையும்போது, நூன்மாட்டி ஆலையின் சுவாலை நகரத்துக்குள்ளேயே தெரிகிறது. ஆலை வந்தபோது ஊருக்கு வெளியே இருந்தது. ஊர் அதைச் சுற்றிக்கொண்டது. ரயில் நிலையத்தில் மற்றொரு மாற்றம் கண்ணில் படுகிறது: 2021இல் இந்நகரை எட்டிய மின்கம்பிகளின்கீழ், நீண்ட தொலைவு வண்டிகள் டீசல் இஞ்சின் இல்லாமலேயே வந்து நிற்கின்றன. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது நசுங்கல் மிகக் குறைவு என்பதால், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ரயிலுக்கு லாரியைவிடச் சில மடங்கு குறைந்த ஆற்றலே போதும். அந்த ஆற்றலும் மின்சாரமாகிவிட்டால் எண்ணெய்க் கணக்கிலிருந்தே அது நீங்கிவிடுகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் விளைவது வேறு கணக்கு, அதற்கு வேறு பயணம் வேண்டும்.

போங்காய்காவ் இப்பயணத்தின் கடைசி ஊர். இங்குள்ள ஆலையும் 1970களின் இறுதியில் அசாமின் எண்ணெயை நம்பி எழுந்ததுதான். உள்ளூர் எண்ணெய் போதாமற்போனபின், முன்பு நாகர்கட்டியாவின் எண்ணெயைப் பரௌனிக்குக் கொண்டுசென்ற அதே பழைய குழாயின் மேற்குப் பகுதி, இருதிசையிலும் ஓடக்கூடியதாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஹால்தியாத் துறையில் இறங்கிப் பரௌனி சேரும் எண்ணெய் அதன் வழியே கிழக்கு நோக்கி இவ்வாலைக்கு வருகிறது. குழாய்க்கு மேல் உள்ள நிலத்தில் பயிர் செய்யலாம், வீடு கட்டவோ மரம் நடவோ கூடாது என்பது விதி. ஆகையால் மேற்கே வங்காளம் நோக்கிச் செல்லும் ரயிலின் சன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு, மூங்கில் புதர்களுக்கும் பாக்குத் தோப்புகளுக்கும் நடுவே மரமற்ற ஒரு நேர்கோடு நெல் வயல்களைக் கடந்துபோவது தெரியும். அதனடியில் எண்ணெய், ரயில் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது.